காட்சித் தொட்டியில் ஒரு பேய்க்கணவாய்

சுசீந்திரம் சிவதாணு பிள்ளைக்கு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சிசாலையில் வேலை. செத்த பிராணிகளோடு காலம் கழிக்கிற வேலை என்று ஊரில் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். பாம்பு, கடல்குதிரை, இரண்டு தலையோடு பிறந்த ஆட்டுக்குட்டி. தெற்குச் சுவரை ஒட்டிய அலமாரி முழுவதும் கணவாய் வகைகள். அம்பு போல நீண்ட ஊசிக்கணவாய், முதுகுக்குள் வெள்ளை ஓடு வைத்திருக்கும் ஓட்டுக்கணவாய், எட்டுக் கையும் பெரிய மண்டையுமாகப் பேய்க்கணவாய்.

அவர் அந்த வேலைக்கு வந்தது விரும்பி அல்ல. அப்பா கோயில் நந்தவனத்தில் வேலை பார்த்தவர். சிறுவயதில் சிவதாணுவும் பண்டாரங்களோடு உட்கார்ந்து பூக்கட்டப் பழகியிருந்தார். நிலம் கைவிட்டுப் போனதும், நாலாம் பாரத்தோடு படிப்பு நின்றதும், கல்லூரியில் மணியடிக்கும் பியூனாகச் சேர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. சுதந்திரம் வந்த மறு வருஷம் காட்சிசாலைக்கு ஆள் தேவைப்பட்டது. கணவாயின் கைகளைக் கண்ணாடித் தகட்டில் பரத்தி வெள்ளை நூலால் கட்ட வேண்டும். நூல் வெளியே தெரியக்கூடாது. பிச்சிப்பூவுக்குப் போட்ட முடிச்சையே அவர் இதற்கும் போட்டார். முடிச்சு நன்றாக நின்றது. அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் வீடு சுத்த சைவம். மீன் வாசற்படி ஏறாது. மனைவி சண்முகவடிவு அவரை முன்வாசல் வழியாக ஒருநாளும் விட்டதில்லை. பின்பக்கம் கிணற்றடியில் தண்ணீர் இறைத்து வைத்திருப்பாள். குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசிய பிறகுதான் உள்ளே வரலாம். "இன்னும் மணக்குது, இன்னொரு குடம் ஊத்துங்கோ" என்பாள். ஒரு மார்கழியில் அவர் பல் கிடுகிடுக்க, "போதும்ட்டீ, தோலையும் உரிச்சு வச்சிட்டு வரவா?" என்று கத்தினது பக்கத்து வீடுவரை கேட்டது.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லாத வீடு, அவரே வைத்தார். பதினாறாம் நாள் காரியத்தைக் குறையில்லாமல் செய்தார். அழவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. பசித்தது, சாப்பிட்டார். இருட்டியது, படுத்தார். காலையில் பஸ் ஏறினார். பார்மலின் பட்டுப் பட்டு அவருடைய விரல்நுனிகள் மரத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சுடு தம்ளரைப் பிடித்தாலும் தெரியாது. இப்போது உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது போலிருந்தது. சாயங்காலம் முன்வாசல் வழியாகவே உள்ளே போனார். தடுக்க யாரும் இல்லை.

ஒரே மகள் ஆவுடையம்மாளைப் பூதப்பாண்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பேறு தாய்வீட்டில்தான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் அழைத்து வர வேண்டும். தை பிறந்ததும், நாள் குறிக்கலாம் என்று சிவதாணு பூதப்பாண்டிக்குப் போனார்.

சம்பந்தி பகவதியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே தூணில் சாய்ந்து நின்றாள். விதவை, அந்த வீட்டில் மகன் உட்பட எல்லாருக்கும் அவள் வைத்ததுதான் சட்டம்.

"சாவு விழுந்த துட்டி வீடுன்னு நான் பாக்கல்ல அண்ணாச்சி. வருசம் திரும்பல்லன்னும் சொல்லல்ல. தலப்பேறு தாய்வீட்டுலதான். ஆனா ஒரு காரியம் உண்டு. நீங்க கோவிச்சிக்கிடப்பிடாது."

"சொல்லுங்கோ."

"அந்தச் சோலிதான். பேய்க்கணவாய்னு பேரச் சொன்னாலே எனக்குக் கொடலப் பெரட்டுது. அதத் தொட்ட கையோட நீங்க வீட்டுக்கு வருவியோ. வயித்துப்பிள்ளக்காரி இரிக்கப்பட்ட வீடு. சண்முகவடிவு இருந்தா ஒங்களக் கெணத்தடியில நிறுத்தியிருப்பா. இப்பம் யாரு நிறுத்துவா? அந்தச் சோலிய விட்டிருங்கோ. இல்லேன்னா பிள்ள இங்கனயே கெடக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்."

கதவுக்குப் பின்னால் ஆவுடை நின்றிருந்தாள். அவளுடைய சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. அப்பா ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தது சிவதாணுவுக்குத் தெரிந்தே இருந்தது.

"யோசிக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, வருத்தமாக இருக்கிறதா என்று மனசைத் தொட்டுப் பார்த்தார். வருத்தம் இல்லை. தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்று அவர் மேற்கொண்டு கேட்டுக்கொள்ளவில்லை.

மாசியில் கல்லூரியில் பொருட்காட்சி வைத்தார்கள். ஊர் ஜனங்கள் எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. விலங்கியல் விரிவுரையாளர் சத்தியநேசன் கணவாய் அலமாரியைத்தான் முன்னால் வைக்க நினைத்திருந்தார். ஆனால் இருந்த ஒரே பேய்க்கணவாய் பழையது. குப்பியைத் திறந்தபோது அதன் கைகள் இரண்டு கழன்று அடியில் கிடந்தன.

"சிவதாணு, நீரே நேர்ல கடப்புறம் போய்ப் புதுசா ஒண்ணு சொல்லிட்டு வாரும். பொருட்காட்சியில அது இல்லேன்னா அலமாரி மூளிதான்."

கன்னியாகுமரியில் வழக்கமாகப் பிடித்துத் தருகிற ஆள் கொழும்புக்குப் போய்விட்டிருந்தான். யாரோ சொல்லி, சிவதாணு கடியப்பட்டணத்தில் கிளீட்டஸ் என்ற கட்டுமரக்காரரைத் தேடிப் போனார். கடற்கரைக்கு வந்து பழக்கமில்லை. மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, மணலில் காய்கிற கருவாட்டை மிதிக்காமல் கால் பார்த்து நடந்தார். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கிளீட்டஸ் அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"பேய்க்கணவாய் ஒண்ணு வேணும்" என்றார் சிவதாணு.

"ஒமக்கா? பேய்க்கணவாயா?"

"எனக்குத்தான். பெரிய மனுசங்க வாராவ. குறை சொல்ல எடம் வைக்கப்பிடாது. நல்லதாப் பாத்துத் தாரும்."

கிளீட்டஸ் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீரு கவலப்படாதயும் பிள்ளைவாள். நாளைக்குப் பஸ் நிக்க எடத்துல கொண்டாந்து தாரேன். ஒருத்தருட்டயும் மூச்சு விடமாட்டேன்."

இதில் மூச்சு விட என்ன இருக்கிறது என்று சிவதாணுவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாள் வாழையிலை போட்டு மூடிய ஓலைப்பெட்டி கைமாறியது. கணவாயைத் தொடுவது காட்சிசாலைக்குள் மட்டும்தான். வெளியே பெட்டியைத் திறந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பெட்டியை அப்படியே கொண்டுபோய் சத்தியநேசனின் மேசையில் வைத்தார்.

சத்தியநேசன் இலையை விலக்கினார். ஒரு விரலால் தூக்கினார். நனைந்த பழந்துணி போல அது தொங்கியது. தலை உள்வெளியாகத் திருப்பப்பட்டு, குடலும் மைப்பையும் எடுத்துக் கழுவப்பட்டுப் பளிச்சென்று இருந்தது.

"நீரு என்னண்ணு சொல்லி வாங்கினீரு?"

"பெரிய மனுசங்க வாராவன்னு சொன்னேன் சார்."

"காலேஜுக்குன்னு சொன்னீரா?"

சிவதாணு யோசித்தார். காலேஜ் என்ற வார்த்தையையே அவர் சொல்லியிருக்கவில்லை.

"பாறையில அடிச்சு மெதுவாக்கி வச்சிரிக்கான். விருந்துக்குன்னு நெனைச்சிட்டான். எங்க அம்மை இத ஒரு நேரத்துல வறுத்து எடுத்திடுவா, கேட்டீரா? குப்பியில போடத்தான் கொள்ளாது." அவர் சிரித்தார். சிவதாணுவும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. பெட்டியை மூடிவிட்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

விஷயத்தைக் கேட்ட கிளீட்டஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"காலேஜுக்கா! வாயத் தொறந்து சொல்லப்பிடாதா வே! சைவப் பிள்ளைவாள் ஒருத்தரு திருட்டுத்தனமா ஆசப்பட்டு வந்திரிக்காரேன்னு, கை கடுக்கக் கடுக்க அடிச்சேன் நான். பல்லில்லாத ஆளும் திங்கலாம், அப்பிடி அடிச்சு வச்சேன்."

சிவதாணு நின்றுகொண்டே இருந்தார். கிளீட்டஸின் சிரிப்பு மெல்ல அடங்கியது. சிவதாணுவின் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"வீட்டுல யாரும் தவறிட்டாவளா?"

"பொண்டாட்டி."

"எப்பம்?"

"ஐப்பசியில."

கிளீட்டஸ் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "இனி நீரு அலையாண்டாம். நானே கொண்டாரேன். அடிக்க மாட்டேன், அறுக்க மாட்டேன், உசிரோட கொண்டாந்து தாரேன். பொறவு ஒங்க பாடு."

சொன்னபடி அவர் சைக்கிள் காரியரில் ஒரு மண்பானையைக் கட்டிக்கொண்டு வந்தார். வாயில் வலைத்துண்டு இறுக்கியிருந்தது. இன்னொரு பக்கம் ஒரு டின் நிறையக் கடல் தண்ணீர். பானைக்குள் பேய்க்கணவாய் உயிரோடு இருந்தது. சத்தியநேசனுக்குத் தலைகால் புரியவில்லை. தவளைகளை விட்டு வைக்கும் கண்ணாடித் தொட்டியைக் கழுவி, கடல் தண்ணீர் ஊற்றி, அதை அதற்குள் விட்டார்கள். மூடிக்கு மேல் ஒரு கருங்கல். தினமும் வடசேரிச் சந்தைக்கு மீன் கொண்டுவருகிறவர்களிடம் புதுத் தண்ணீர் கொடுத்தனுப்புவதாகக் கிளீட்டஸ் சொன்னார்.

உயிருள்ள பேய்க்கணவாய் வந்திருக்கிறது என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அந்த நாட்களில் நாலு பேர் கூடினால், தங்கள் தாலுகா மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு ஜனங்கள் காட்சிசாலைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது சிவதாணுவின் வேலை. பேய்க்கணவாய் பெரும்பாலும், உள்ளே போட்டிருந்த உடைந்த பானைக்குள் சுருண்டு கிடந்தது. வெளியே வந்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. அதனால் மூங்கில் குச்சி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கூட்டம் முணுமுணுத்தால் குச்சியால் பானையை மெல்லத் தட்டுவார். அது ஒரு கையை நீட்டும், நிறம் மாறும், பிறகு மறுபடியும் உள்ளே போய்விடும். நண்டு போட்டுப் பார்த்தார்கள், தொடவில்லை. சிவதாணு தட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெண்களுக்கு ஒதுக்கிய நேரம். வரிசையில் முதலில் தெரிந்தது பகவதியம்மாள். முன்னால் நின்றவர்களை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால், இடுப்பில் கைவைத்தபடி ஆவுடை.

சிவதாணு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டிமேல் விரித்தார். முன்பக்கக் கண்ணாடி முழுக்க மறைந்தது.

"ஏன் மூடியாச்சு? பேய்க்கு நாணம் வந்திட்டா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள். சிரிப்பு எழுந்தது.

"அண்ணாச்சி, தொறங்கோ. பூதப்பாண்டியிலேருந்து வண்டி கெட்டி வந்திரிக்கோம்" என்றாள் பகவதியம்மாள்.

"ஆவுடை நிக்கா."

"அவ கண்ண மூடிக்கிடுவா. ஏட்டி, கண்ண மூடு. நான் ஒருக்க எட்டிப் பாத்திடுதேன்."

"நான் மூட மாட்டேன் அத்தை" என்றாள் ஆவுடை. பிறகு அவரைப் பார்த்து, "அப்பா, துண்ட எடுங்கோ."

"வேண்டாம் மக்களே. இந்தச் சமயத்துல இதெல்லாம் பாக்கப்பிடாது" என்று மகளைத் தடுத்தார்.

"எந்தச் சமயத்துலதான் பாக்கட்டு? இத்தன வருசமா ஒங்களுக்கு இதுகூடத்தான் சோலி. ஒருநாள் கூட்டிட்டு வந்து காட்டினது உண்டா? அம்மைக்காவது காட்டினியளா?"

"அவ கேக்கல்ல."

ஆவுடை கையை நீட்டித் துண்டைத் தானே இழுத்தாள்.

பேய்க்கணவாய் பானையை விட்டு வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது. குச்சியால் யாரும் தட்டவில்லை. வெள்ளை வட்டங்கள் வரிசை வரிசையாகக் கண்ணாடியில் பதிந்திருந்தன. ஒரு கை மட்டும் மேலே மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. கருத்திருந்த உடம்பு மெல்ல வெளுத்தது.

"எம்மா!" என்று பின்வாங்கிய பகவதியம்மாள் அடுத்த நிமிஷமே குனிந்தாள். "கண்ணப் பாரேன். நம்மளயே பாக்குது. அண்ணாச்சி, இது என்ன திங்கும்?"

"நண்டு."

"திங்குதா?"

"இங்க வந்த பொறவு ஒண்ணும் திங்கல்ல."

"சவம், பட்டினியாவா கெடக்கு?" அவள் குரலில் பரிதாபம் வந்துவிட்டது. "நீங்களாவது ஏதாம் குடுத்துப் பாக்கப்பிடாதா?"

"அத்தை, பாத்தாச்சில்லா?" என்றாள் ஆவுடை. "வயித்துப்பிள்ளக்காரியக் கூட்டிட்டு வந்து நீங்களே காட்டியும் ஆச்சு. இனி நான் எங்க வீட்டுக்குப் போகலாமில்லா?"

பகவதியம்மாள் நிமிர்ந்தாள். முகம் சிவந்தது. ஆனால் அவள் மருமகளைத் திட்டவில்லை. சிவதாணுவின் பக்கம் கையைக் காட்டினாள்.

"நானா வேண்டாம்னேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எம்மவள அனுப்புங்கோன்னு ஒரு வார்த்த ஒங்கப்பா சொல்லியிருந்தா நான் என்ன கெட்டியா போட்டிருப்பேன்? காப்பியக் குடிச்சிட்டு யோசிக்கேன்னு எந்திரிச்சுப் போனாரு. இன்னைக்கு வரைக்கும் ஆளக் காணல்ல. அவருக்கே மனசில்லன்னுல்லா நான் நெனைச்சேன்."

பின்னால் நின்ற பெண்கள் நெருக்கினார்கள். "குடும்பக் கதையப் பொறவு பேசப்பிடாதா?" என்றது ஒரு குரல்.

ஆவுடை நகரவில்லை. "அப்படியாப்பா?"

சிவதாணு குச்சியைப் பார்த்தார். இத்தனை நாள் கேட்டுக்கொள்ளாத கேள்வியை மகள் கேட்டுவிட்டாள். பொய் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"உள்ரூம்பு பூட்டிக் கெடக்கு" என்றார். "அம்மை போன பொறவு நான் அதத் தொறக்கல்ல. நீ வந்தா அங்கதான் படுக்கணும். பேறும் அங்கதான். எனக்கு அதத் தொறக்கச் சீவனில்ல மக்களே. ஒங்க அத்தை வேண்டாம்னதும், சரி, அப்படியே கெடக்கட்டும்னு இருந்திட்டேன்."

ஆவுடை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. அவளும் அவரைப் போலத்தான் போலும்.

"வெள்ளிக்கெழம வாங்கோ" என்றாள். "நான் பெட்டியக் கெட்டி வச்சிருப்பேன். நீங்க வரல்லன்னா நானே பஸ் ஏறி வருவேன்."

வரிசை அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. அடுத்து வந்த பெண்கள், அது வெளியே வரவில்லையே என்றார்கள். பேய்க்கணவாய் மறுபடியும் பானைக்குள் போயிருந்தது. சிவதாணு குச்சியால் தட்டினார்.

பொருட்காட்சி முடிந்த சாயங்காலம் சத்தியநேசன் தொட்டியைக் காட்டினார். "இனி ஆகட்டும்" என்றார். கடல் தண்ணீரை வடித்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும், அது தானே அடங்கிவிடும். சிவதாணு ஊற்றினார். நிறம் பலமுறை மாறி, கடைசியில் வெளுப்பிலேயே நின்றது. பார்மலினில் போட்டு, கண்ணாடித் தகட்டில் பரத்தி, ஒவ்வொரு கையாக நூலால் கட்டினார். முடிச்சு இறுகிவிட்டதா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டியிருந்தது. குப்பியைத் தெற்கு அலமாரியில் நடுவில் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு உள்ரூம்பைத் திறந்தார். இதற்குத்தான் இத்தனை மாதம் பயந்திருந்தார். திறந்ததும் ஏதாவது நடக்கும், உடைந்து விழுந்துவிடுவோம் என்று நினைத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டில், கொடியில் ஒரு சேலை, மாடக்குழியில் சீப்பு. சீப்பில் நாலு முடி. தூசி மணந்தது. அவர் துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கினார். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். சேலையை மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பூதப்பாண்டியில் பகவதியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். பெண்ணை அழைக்க வருகிற வீட்டிலிருந்து சுமங்கலிகள் நாலு பேர் பலகாரத்தோடு வருவதுதான் முறை. சிவதாணு ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு தனியே வந்திருந்தார்.

"பொம்பளையாளு ஒண்ணும் வரல்லியா?"

"யாரையும் கூப்பிடல்ல."

"கூப்பிட்டிருக்க மாட்டியோன்னு எனக்குத் தெரியும்" என்றாள். பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள். "மாசம் முத்தினதும் நானே வந்து நிக்கேன். ஊரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். ஒங்கள நம்பி இவள விட முடியுமா? ஒரு சோறு வடிக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

"வடிப்பேன்."

"கிழிச்சியோ" என்றாள் பகவதியம்மாள்.

சுசீந்திரம் வந்து சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. ஆவுடை வீட்டுக்குள் நுழைந்து, எங்கும் நிற்காமல் நேராக உள்ரூம்புக்குப் போனாள். சிவதாணு பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கட்டில் முனகும் சத்தம் கேட்டது.

"அப்பா."

"என்ன மக்களே?"

"சன்னலத் தொறங்கோ. காத்து வரட்டு."

அவர் உள்ளே போய்ச் சன்னலைத் திறந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"வேற ஏதாம் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். செத்த நேரம் இங்கனயே இரிங்கோ."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், ஈரம் காய்ந்த தரையில் உட்கார்ந்தார்.